சத்தம் என்று யார் சொன்னது?

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, 19 பேர். பெயரின் வேர் பழசு. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற அடையாளம் அது.

அவர்களுடைய ‘மகிழ்ச்சி’ ஆல்பத்தைப் பற்றி என் இலக்கிய நண்பர்கள் அதிகம் பேசிக் கேட்டதில்லை. ராக்கா, ராப்பா, கானாவா என்று ஒரு பெட்டியில் அடைக்க முடியாததும் காரணமாக இருக்கலாம். சினிமாவில் பறை பெரும்பாலும் குத்துப்பாட்டுக்கு ஊறுகாய். இங்கே எலெக்ட்ரிக் கிட்டார்தான் பறையின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. சென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடிய கானா, நடு மேடைக்கு வந்துவிட்டது. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி என்று சபையில் பேசத் தயங்குவதையெல்லாம் இந்தக் குழு ஆடிக்கொண்டே பாடுகிறது.

பேராக்கில் இருந்து கேட்டால் இது வேறு மாதிரி உறைக்கும். நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்களுக்குச் சாதியும் கப்பலேறி வந்தது. சில இடங்களில் லயங்கள்கூடத் தனித்தனி. தோட்டங்கள் கைமாறி, சனங்கள் ஈப்போ தாமான்களுக்கு வந்தபோது உறுமியும் கூடவே வந்தது. தைப்பூசத்தன்று கல்லுமலைக்குப் போகும் வழியில் பையன்கள் அதை அடித்தால், “என்னா சத்தம், ரௌடிங்க மாதிரி” என்று முகம் சுளிக்கிறோம். அதே அதிர்வு ஹெட்போனில் டிரம்ஸாக வந்தால் கலை என்கிறோம்.

பொறியாளன் நான், சத்தத்தை டெசிபலில் அளக்கப் படித்தவன். நம்ம சனங்க கையில் வேறொரு அளவுகோல் இருக்கிறது என்பதை இந்த ஆல்பம்தான் காட்டியது.