மீட்புப் பணியாளர் மனநலம்
விபத்து, தீ நேர்ந்த இடத்துக்கு முதலில் விரையும் காவலர், தீயணைப்பு வீரர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரின் உளநலப் பாதுகாப்பு. மரணத்தை அடிக்கடி நேரில் காண்பதும் இரவுப் பணியும் தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவற்றுக்கு வழிவகுக்கலாம்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஆம்பூர் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, தோல் பதனிடும் ஆலைகள் ஆகியவை ஏலகிரி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தில் இப்பணியின் களங்கள். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தனர். இத்தகைய இடங்களில் உடல்களை மீட்போருக்கும் பின்னர் ஆற்றுப்படுத்தல் தேவை.

தமிழ்நாடு காவல்துறை 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துடன் இணைந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. 2022 முதல் டெலி மானஸ் சேவை (14416) தொலைபேசி வழியே இலவச மனநல ஆலோசனை தருகிறது.