தோல் தொழிற்சாலையில் உயிர் போனால் யார் பொறுப்பு? முதலாளிக்கு 2 ஆண்டு வரை ஜெயில்

சத்துவாச்சாரி:

ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி அதிகாலை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து தோல் தொழிற்சாலைக்குள் கழிவுச்சேறு பாய்ந்ததில், அங்கு தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் பலியானார்கள்.

சுவர் இடிவது எப்போதாவது நடப்பது. தொட்டிக்குள் இறங்குவதோ அன்றாட ஆபத்து. தோலில் முடி நீக்க போடும் சோடியம் சல்பைடு, ஆசிட்டுடன் கலந்தால் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். "நாத்தம் போயிடுச்சு" என்று இறங்கினால் உயிர் தப்பாது. காப்பாற்ற குதிப்பவரும் பலியாவது இப்படித்தான்.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்துக்கு பதிலாக புதிய பாதுகாப்பு சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன்படி:

* வேலை நியமன கடிதம் கொடுப்பது கட்டாயம்.

* பாதுகாப்பு சாதனத்துக்கு தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது.

* ஆபத்து என்று தெரிந்தால் முதலாளியிடமும், ஆய்வாளரிடமும் தொழிலாளி புகார் சொல்லலாம்.

* முதலாளி கடமை தவறியதால் உயிர் போனால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது குறைந்தது ரூ.5 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்கு குறையாத தொகையை குடும்பத்துக்கு கொடுக்க கோர்ட்டு உத்தரவிடலாம்.

வேலூர் மாவட்ட தொழிலாளர்கள் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வு கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 2019-ல் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ராணிப்பேட்டைக்காரர்கள் அங்குள்ள கலெக்டர் அலுவலகத்துக்கும் போக வேண்டும்.