டாக்ஸி டிரைவர் யாருடைய ஆள்?

போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபீஸ் கேப்ல வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தேன். டிரைவர் அண்ணன் தூக்கம் வராம இருக்கப் பேசிக்கிட்டே வந்தவர் திடீர்னு, "வண்டி ஒருத்தர்து, கான்ட்ராக்ட் இன்னொருத்தர்து. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு சார் குடுப்பா?"ன்னு கேட்டார். பொட்டி தட்டுறவனுக்கு என்ன தெரியும்? முழிச்சேன். வாரக்கடைசி முழுக்க நோண்டினதில் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு.

பிரிட்டனில் 1897-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது, 1906-ல் விரிந்தது. முதலாளி மேல் தப்பு இருக்கோ இல்லையோ, வேலையின் காரணமாக வேலை நேரத்தில் விபத்து நடந்தால் பணம் உண்டு. 1910-ல் ஒரு வழக்கு. கூலிப் பணத்தை ரயிலில் எடுத்துப்போன காசாளரைக் கொள்ளையடித்துக் கொன்றுவிட்டார்கள். கொலை எப்படிங்க விபத்தாகும்? செத்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் விபத்துதான் என்றது நீதிமன்றம்.

அடுத்த வருஷமே, 1911-ல், லண்டன் டாக்ஸி டிரைவர் ஒருவரின் வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போனது. அவர் கம்பெனி வண்டியை எடுத்து ஓட்டி, வசூலில் பங்கு கொடுப்பவர். நீ வண்டியை வாடகைக்கு எடுத்தவன், தொழிலாளி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். (இன்றைய 'பார்ட்னர்' கதையின் கொள்ளுத்தாத்தா!)

1923-ல் இந்தியாவுக்கென்று சட்டம் எழுதியபோது, விபத்து பற்றிய வாசகம் அப்படியே கப்பலேறி வந்தது. பிறகு மோட்டார் வாகனச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கான அந்த இழப்பீட்டுப் பொறுப்பு, வண்டியின் கட்டாய இன்சூரன்ஸுக்குள்ளேயே வந்தது.

அப்பவும் சுலபமா கிடைச்சுதா? 1995 மார்ச்சில் நாகாலாந்தின் டிமாப்பூரில் ஓர் ஆட்டோவை சிலர் வாடகைக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் டிரைவர் பிணமாகக் கிடந்தார், ஆட்டோ கிடைக்கவே இல்லை. காணாமல் போன ஆட்டோவுக்காக ஓனருக்குப் பணம் கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனம், செத்த டிரைவரின் குடும்பத்திடம் 'இது கொலை, விபத்து இல்லை' என்றது. தகரத்துக்குக் காசு, ஆளுக்கு இல்லை! தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2000 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தீர்ப்பை மறுபடி திருப்பினார். ஆளைக் கொல்வதே நோக்கம் என்றால் அது வெறும் கொலை. ஆட்டோவைத் திருடப்போய் டிரைவர் செத்தால், அது அவர் வேலையால் வந்த விபத்து. இதுக்கு அவர் துணைக்கு இழுத்தது எதை? நம்ம 1910 காசாளரைத்தான்.

ஆக, எப்படிச் செத்தார் என்ற கேள்விக்கு ஒருவழியாப் பதில் வந்தாச்சு. யாருடைய ஆள் என்ற 1911 கேள்வி இன்னும் உயிரோடு இருக்கு. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர்களை, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றே வரையறுக்கிறது.

நேத்து மறுபடியும் அதே அண்ணன். "உங்களுக்குச் சம்பளம்னு ஏதாச்சும் பேப்பர் இருக்காண்ணே?"

"டெய்லி கையில குடுப்பாரு சார். பேப்பர் எதுக்கு?"

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், ஆனா நிரூபிக்கணும். பணம் கொடுக்கறதை ஜிபே-ல போடச் சொல்லுங்கன்னேன். "கேட்டுப் பாக்கறேன் சார்"னு கியரை மாத்தினார்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. விஷயம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில் திருத்துங்க.