கண்டிப் புகையிரதப் பாதையும் ஒளிப்படச் சான்றும்

புகையிரதமும் ஒளிப்படமும் ஏறத்தாழ ஒரே தலைமுறையிற் பிறந்தவை. இங்கிலாந்தில் லிவர்பூலையும் மாஞ்செஸ்டரையும் இணைத்த பாதை 1830இல் திறக்கப்பட்டது. டகேரின் ஒளிப்பட முறை 1839இல் பாரிஸ் நகரில் அறிவிக்கப்பட்டது. தமிழில் புகையிரதம், புகைப்படம் என இரண்டுமே புகையைத் தலையிற் கொண்டு வழங்குகின்றன. முன்னதற்குக் காரணம் வெளிப்படை. பின்னதற்கு அவ்வளவு எளிதில் விளக்கம் கிடைப்பதில்லை. கண்டியைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒருங்கே வேரூன்றிய காலம் 1860களாகும். 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தபோது, யோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் இந்நகரில் ஏற்கெனவே ஒளிப்படத் தொழில் நடத்திவந்தார். அடுத்த பத்தாண்டில் சார்ள்ஸ் ஸ்கோவனின் படப்பிடிப்பு நிலையமும் இங்கு அமைந்தது.

பாதை அமைக்கப்பட்டதன் நோக்கம் பயணிகளின் வசதியன்று. மலைநாட்டுக் கோப்பியை மாட்டு வண்டிகளில் கொழும்புக்கு அனுப்புவதாலேற்பட்ட செலவும் தாமதமுமே பெருந்தோட்டச் சொந்தக்காரரைப் புகையிரதம் கேட்கத் தூண்டின. எனினும் இடையில் நின்றது மலைச் சுவர். றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 12 மைல் தூரத்துக்கு, 45 அடிக்கு ஓரடி வீதம் பாதை ஏறுகின்றது. அலகல்லை மலையின் விலாவைக் குடைந்தும் வெட்டியும் செல்லும் இவ்வேற்றத்தில், பாறை ஒரு புறமும் பள்ளத்தாக்கு மறுபுறமுமாக அமைந்த ஓரிடத்தை ஆங்கிலேயர் சென்சேஷன் பாறை எனப் பெயரிட்டனர். ஸ்கீன் நிறுவனத்தார் முதலாகப் பலரும் படம்பிடித்து விற்ற காட்சி இதுவாகும். பிற்காலத்தில் தபாலட்டைகளிலும் இது இடம்பெற்றது.

புகையிரதப் படங்களைத் திரட்டும் ஆர்வலர்க்கு ஒரு நல்ல படம் எது என்பது பற்றித் திட்டமான கருத்துகள் உண்டு. இங்கிலாந்தில் 1922இலேயே இத்தகைய ஒளிப்படக்காரருக்கெனத் தனிச் சங்கம் நிறுவப்பட்டது. அவர்கள் வகுத்துக்கொண்ட மரபின்படி, எஞ்சினின் முகமும் பக்கமும் ஒருசேரத் தெரிதல் வேண்டும். வெயில் படம்பிடிப்போனின் முதுகுப்புறத்திலிருந்து விழவேண்டும். எஞ்சினின் இலக்கம் வாசிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். சில்லுகளை இணைக்கும் தண்டு கீழிறங்கி நிற்கும் கணத்தையே தேர்ந்து படம்பிடிக்கும் நுணுக்கமும் இவர்களிடையே உண்டு. மரக்கிளையோ தந்திக் கம்பமோ எஞ்சினை மறைத்தால் படம் தோற்றது. வண்டி முழுவதும் ஒரே சட்டத்துள் அடங்கினால் சிறப்பு. ஏற்றத்தில் எஞ்சின் உழைப்பது புகையினாற் புலப்படின் இன்னுஞ் சிறப்பு. இவ்வளவுகோலின்படி கடுகண்ணாவை ஏற்றம் இவர்களுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். முன்னே இழுக்கும் எஞ்சினும் பின்னே தள்ளும் எஞ்சினுமாக இரு புகைத் தூண்கள் எழ, வளைவிற் சாய்ந்து வரும் வண்டியை வேறெங்கு தேடுவது?

ஆயினும் வரலாற்று மாணவனுக்கு இவ்வளவுகோல் போதியதன்று. ஆர்வலர் போற்றும் தொடக்ககாலப் படங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வெறுமை தென்படும். பாறை உண்டு, பள்ளத்தாக்கு உண்டு, தண்டவாளம் உண்டு. பாதையை அமைத்தவர் இல்லை. மனித உருவம் வருமிடத்தும் பாறையின் பருமனைக் காட்டும் அளவுகோலாகவே பெரும்பாலும் அது நிற்கின்றது. இதற்குத் தொழில்நுட்பம் ஒரு காரணம். அக்காலத்து ஒளிப்படக்காரர் கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவையைப் பூசி, ஈரம் உலருமுன் படம்பிடித்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்துள் அதனைத் துலக்கவேண்டியிருந்தது. ஒளி பதியச் சில விநாடிகள் வேண்டும். ஓடும் வண்டியோ மண்வெட்டி வீசும் கரமோ அத்தகட்டில் தெளிவாகப் பதியமாட்டா. ஆகவே அக்காலப் படங்களில் வண்டி நிறுத்தப்பட்டிருக்கும், அல்லது பாதை வெறுமையாயிருக்கும்.

ஆனால் தொழில்நுட்பத்தின் மீது முழுப் பழியையும் சுமத்துதல் பொருந்தாது. நிற்கச் சொன்னால் தொழிலாளியும் நிற்பான். படத்தை வாங்குவோர் தோட்டத்துரைமாரும் பயணிகளுமாயிருந்தனர். அவர்கள் வேண்டியது இயற்கையை வென்ற பொறியியலின் தோற்றம். ஒப்பந்தகாரரான பேவியலின் பெயர் நூல்களில் நிலைத்துள்ளது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்து பாறையை உடைத்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்கள் அவ்வாறு நிலைக்கவில்லை. அவருட் பலர் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாயினர். கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் 1832இல் எழுப்பப்பட்ட நினைவுக் கோபுரம் இன்றும் நிற்கின்றது. அவ்வூரிலேயே 2014 டிசம்பர் 27ஆம் திகதி, இலங்கையில் முதற் புகையிரதம் ஓடி 150 ஆண்டுகள் நிறைந்த நாளில், தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களைப் பேணும் அம்முயற்சி பாராட்டுக்குரியதே. எஞ்சினைப் பேணுவது போல் தொழிலாளியின் நினைவைப் பேண இயலாமற் போனமைக்கு, அவனைக் காட்டும் படங்கள் அரியனவாயிருப்பதும் ஒரு காரணமாகும்.

ஆர்வலரிடையிலும் இம்மரபை மீறியோர் உளர். அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்பார் 1955 முதல் 1960 வரை, மறைந்துகொண்டிருந்த நீராவி எஞ்சின்களை இரவு நேரங்களில் மின்வெட்டொளி கொண்டு படம்பிடித்தார். 1956இல் அவர் எடுத்த புகழ்பெற்ற படமொன்றில், திறந்தவெளிப் படக்காட்சியைக் காரிலிருந்து பார்க்கும் ஓர் இணையருக்கு அப்பால் வண்டி புகை கக்கி விரைகின்றது. எஞ்சின் அங்கு மூலையில்தான் நிற்கின்றது. ஒரு காலத்தின் வாழ்க்கை முழுவதும் படத்தில் நிறைகின்றது. அப்படத்திலுள்ள திரைக்காட்சி பின்னர் ஒட்டிச் சேர்க்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. ஒளிப்படம் பொய் சொல்லாது என்பவர்க்கு இது தக்க விடை. நமது மலைப்பாதையிலும் இத்தகைய காட்சிகளுக்குக் குறைவில்லை. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிர்ப்படாதிருக்க, அடுத்த நிலையம் வரை செல்லும் உரிமைக்கு அடையாளமான வில்லையை வளையமொன்றில் இட்டுச் சாரதியிடம் கொடுக்கும் வழக்கம் இங்கு நெடுங்காலம் நிலவியது. நீட்டிய கையும் குனிந்த சாரதியும் பதிந்த ஒரு படம், எஞ்சினை மட்டும் காட்டும் பத்துப் படங்களினும் மிகுதியாகப் பேசும்.

இவ்வாறு கூறுவதால் ஆர்வலரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. எஞ்சின் வகைகளை அவர்கள் மனனஞ் செய்து வைத்திருப்பதைப் பலர் விளையாட்டாகக் கருதுவர். நாளிடப்படாத படமொன்றைக் கையிற் கொண்ட ஆய்வாளனுக்கோ அது திறவுகோல். இரு சில்லுத் தொகுதிகளுக்கு நடுவே கொதிகலனைத் தாங்கிய கரட் எஞ்சின் படத்தில் இருப்பின், அது 1927க்கு முற்பட்டதாகாது. அவ்வாண்டில் ஒன்றும் 1945இல் எட்டுமாகவே அவை இலங்கைக்கு வந்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த, கனடிய மாகாணங்களின் பெயர் பூண்ட டீசல் எஞ்சின்கள் தோன்றின் 1954 எல்லையாகும்.

இவ்வறிவு பெரிதும் வேண்டப்படும் படங்கள் வேறு சில உள. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி முதலிய நிலையங்களிலிருந்து தோட்டத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் புறப்பட்டனர். அங்கிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்கு. கோச்சி என்றே புகையிரதத்தைச் சொல்லும் மலையக மக்கள் அவ்வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றனர். பாதை அமைக்க வந்தவரின் வழித்தோன்றல்கள் சிலரேனும் அப்பாதையிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர் எனின் அது மிகையாகாது.

அப்பிரிவின் படங்கள் கலைக்கூடங்களில் இல்லை. வீட்டுப் பெட்டிகளில் உள்ளன. ஆர்வலரின் அளவுகோலுக்கு அவை தேறமாட்டா. யன்னலை மறைக்கும் கைகள், முகத்தை மூடிய முந்தானை, சட்டத்துக்கு வெளியே பாதி வெட்டுண்ட எஞ்சின். பின்புறத்தில் நாளும் எழுதப்பட்டிராது. எழுதத் தெரிந்தவர் பலர் வண்டியினுள் இருந்தனர். ஆனால் அந்தப் பாதி எஞ்சின் எம்-4 வகையினது என்று ஆர்வலர் ஒருவர் அடையாளங் காண்பாராயின், அவ்வகை இலங்கைக்கு வந்தது 1975இல்; தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது 1984இல். அழுதுகொண்டு நின்ற அக்குடும்பம் எக்காலத்துப் பயணி என்பதை அவ்விடைவெளிக்குள் நிறுத்தலாம். எஞ்சிய தேடலுக்குத் தோட்டத்துப் பெயர்ப்பட்டியல்களும், பிரிந்தவரை நினைவிற் கொண்ட முதியோரும் வேண்டும்.