தூக்கத்தைக் கேட்டவர்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்ற என் அம்மா 2004 டிசம்பர் 26க்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் டாக்டரிடம் சொல்வார். மாத்திரை கிடைத்தது, யாரும் எதையும் கேட்கவில்லை. ‘கீழ்ப்பாக்கம்’ எங்களுக்கு வசைச்சொல். அங்கே போய்வந்தவள் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961இல் முதல் பெண் கண்காணிப்பாளராக வந்தவர் சாரதா மேனன். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவியவர்களில் முதன்மையானவர். மனநலச் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையம்வரை வர வேண்டும் என்று 1982இலேயே தேசிய மனநலத் திட்டம் சொன்னது. சொன்னது முழுதாக நடக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் அனுப்பிவைத்தவர்கள் அவர்கள்.

2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்த அக்கா, பட்டையைக் கழற்றிக்கொண்டே, “ராத்திரி தூக்கம் வருதாம்மா?” என்றார். அம்மா அன்றுதான் அந்தக் காலையைப் பற்றி வாய் திறந்தார்.

அக்காவின் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. பெண்ணின் இயல்பான கரிசனம் என்று அதை விட்டுவிடக் கூடாது. வேலையாக எழுதி, கூலி கொடுத்து, அவருக்குப் பின்னால் ஒரு மனநல மருத்துவரையும் நிறுத்த வேண்டும்.