முன்னும் பின்னும் பார்த்தல்: அருஞ்சொல் அறியும் பயிற்சி தமிழ்க் கல்வியில் கடந்துவந்த வழி

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியலை இலக்கண நூலின் ஓர் இயலாகவே படித்துப் பழகிவிட்டோம். அதையே ஆசிரியருக்கு எழுதிய கையேடாகப் படித்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. தெரியாத சொல்லை மாணவனுக்கு எப்படி விளங்கவைப்பது என்ற கேள்வியை அந்த இயல் நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. பழக்கத்தில் இல்லாத சொல்லைப் பழக்கமான சொல்லோடு சார்த்திச் சொல்ல வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதிக்கிறது. எல்லார்க்கும் தெரிந்த சொல்லுக்கு விளக்கம் வேண்டா என்றும் கூறி, எதைக் கற்பிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று வரம்பு கட்டுகிறது. இன்றைய பாடநூல் ஆசிரியர்களும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இயலின் இறுதிப் பகுதிதான் நம் ஆய்வுக்கு முதன்மையானது. ஒரு சொல்லின் பொருளுக்குப் பொருள், அதற்கும் பொருள் என்று கேட்டுக்கொண்டே போனால் அது முடிவின்றி நீளும் என்று தொல்காப்பியர் எச்சரிக்கிறார். உணர்த்துபவர் வல்லவராக இருந்தால் பொருள் மாறிப்போகாது என்கிறார். உணர்வதோ கற்பவரின் ஆற்றலைப் பொறுத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். சொல்லுக்கு முன்னே நிற்பதையும் பின்னே வருவதையும் ஆராய்ந்து, பொருந்துகிற சொல்லோடு சேர்த்துப் பொருள் கொள்ளச் சொல்கிறார். உரையாசிரியர்கள் இதை இன்னும் விரிக்கிறார்கள்: ஒரே பொருள் தரும் வேறொரு சொல்லால் விளக்கலாம், அது போதாவிட்டால் ஒரு தொடரில் வைத்துக் காட்டலாம், அதற்கும் விளங்காதவனுக்குப் பொருளையே கண்முன் காட்டலாம். மாணவனின் நிலைக்கேற்ப வழியை மாற்றும் இந்தப் படிவரிசையைக் கற்பித்தல் முறை என்றே நான் கொள்கிறேன்.

இந்த வழி எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் ‘கடி’ என்ற உரிச்சொல் நல்ல சான்று. இன்றைய குழந்தைக்குத் தெரிந்தவை நாய்க்கடியும் கொசுக்கடியும்தான். அதே குழந்தை ‘கடிநகர்’, ‘கடிமலர்’, ‘கடிநுனை’ ஆகிய மூன்றையும் செய்யுளில் பார்த்தால் திகைக்கும். நகருக்கு முன் நின்றால் காவல், மலருக்கு முன் நின்றால் மணம் அல்லது புதுமை, அம்பின் நுனைக்கு முன் நின்றால் கூர்மை. பக்கத்துச் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. தொல்காப்பியர் இச்சொல்லுக்குப் பத்துப் பொருள்களை ஒரே நூற்பாவில் அடுக்குகிறார். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் அதைப் பதின்மூன்றாக்குகிறது.

எண்ணிக்கை கூடியதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று நன்னூலில் நிகழ்கிறது. ஏறத்தாழ 120 உரிச்சொற்களைத் தொல்காப்பியம் எடுத்து விளக்கியிருக்க, நன்னூலின் ஆசிரியர் பவணந்தி முனிவர் உரியியலைச் சுருக்கிவிட்டு, சொற்கள் விரிந்து கிடப்பதால் பிங்கலம் முதலிய நூல்களில் பார்த்துக்கொள்ளுமாறு மாணவனை அனுப்பிவைக்கிறார். பவணந்தியைக் குறை சொல்வதற்கில்லை. அதற்குள் திவாகரம், பிங்கலம் ஆகிய நிகண்டுகள் வந்து நிலைபெற்றுவிட்டன. இருக்கிற நூலைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆனால் வழியைச் சொல்லித் தருவது இலக்கணத்தின் வேலை என்ற நிலை போய், பொருளைச் சேர்த்து வைப்பது நிகண்டின் வேலை என்ற பிரிவினை இங்கே உறுதிப்பட்டது. இந்த வரலாற்றின் முதல் திருப்பமாக நான் கருதுவது இதைத்தான்.

பவணந்தி வேறொரு கருவியையும் தந்தார். பதவியல் என்று தனி இயலே வகுத்து, பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளாகச் சொல்லைப் பிரிக்கக் கற்பித்தார். தமிழில் குழந்தைக்குப் புதிதாகத் தோன்றும் சொற்களில் பல உண்மையில் புதியவையே அல்ல. புணர்ச்சியால் உருமாறிய பழைய சொற்கள் அவை. ‘கற்றூண்’ என்பதைப் பார்த்து விழிக்கும் பிள்ளைக்குக் கல்லும் தெரியும், தூணும் தெரியும். ‘பன்னூல்’ என்பதும் அப்படியே. பிரிக்கத் தெரிந்துவிட்டால் அகராதியே வேண்டியதில்லை. இவ்வளவு பயனுள்ள கருவி வாசிப்புப் பயிற்சியாக வளரவில்லை. இலக்கண வகுப்பின் தேர்வு வினாவாகவே நின்றுவிட்டது.

நிகண்டுகளின் பக்கம் வருவோம். சேந்தன் திவாகரம் தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களை இனம் பிரித்தது. 16ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் பாடினார். ஒரு சொல்லுக்குரிய பல பொருளைக் கூறும் தொகுதியை எதுகை வரிசையில் அமைத்தார். ஓசையைப் பிடித்துக்கொண்டால் சொல் தானே நாவில் வரும். திண்ணைப் பள்ளிகளில் மற்ற நிகண்டுகளைவிட இது பரவியதற்கு அந்த ஓசையே முதன்மைக் காரணம். 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு அகர வரிசையைக் கொண்டுவந்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவாக அந்த வரிசையை விரித்தது. அகர வரிசை வந்ததும் மனப்பாடத்தின் தேவை குறைந்திருக்க வேண்டும். ஆனால் அச்சு பரவாத காலத்தில் ஏட்டைப் புரட்டித் தேடுவதைவிட நெஞ்சில் வைத்திருப்பதே எளிது.

ஏட்டின் இயல்பையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். ஓலையில் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ‘கெடு’ என்று படிப்பதா, ‘கேடு’ என்று படிப்பதா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் பார்க்காமல் ஓலையில் ஒரு வரியும் வாசிக்க முடியாது. இந்தத் திறமையைச் சிறுவர்களிடம் எதிர்பார்க்க முடியாது என்பதாலேயே, முதலில் பாட்டை மனப்பாடம் செய்யவைத்து, பிறகு அதை ஏட்டில் அடையாளம் காணவைத்தார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், சதகங்கள், எண்சுவடி, நிகண்டு என்று முறை வைத்து ஒப்பித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டார்கள். சிலர் மட்டும் புலவர் ஒருவரிடம் பாடம் கேட்கச் சென்றார்கள். அங்கேதான் நிகண்டில் கற்ற சொல் செய்யுளில் எந்த இடத்தில் எந்தப் பொருளில் வருகிறது என்பது விளங்கியது. திண்ணையோடு நின்றவர்களுக்குச் சொற்பட்டியல் மட்டும் கிடைத்தது, வழி கிடைக்கவில்லை. 1823இல் பெல்லாரி ஆட்சியர் கேம்பல் சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கையில், தம் மாவட்டப் பள்ளிகளில் பேச்சுக்கு எட்டாத செய்யுள் மொழியைப் பிள்ளைகள் பொருள் அறியாமல் ஒப்பிப்பதாகக் குறைபட்டார். அது தெலுங்கும் கன்னடமும் வழங்கிய மாவட்டம். என்றாலும் தமிழ்த் திண்ணைக்கும் அந்தக் குறை பொருந்தும். அதே வேளை, பாடம் கேட்டல் என்ற அடுத்த படியை அவர் கணக்கில் கொள்ளவில்லை. ஒப்பித்தலை மட்டும் பார்த்துவிட்டு முழு மரபையும் எடைபோடுவது நியாயமாகாது.

ஆறுமுக நாவலர் ஏடு, அச்சு என்ற இரு உலகங்களிலும் கால் வைத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், அடுத்த ஆண்டே சூடாமணி நிகண்டை உரையோடு அச்சிட்டார். பழைய கருவியை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அவருடைய பாலபாடங்கள் வேறு திசையில் சென்றன. செய்யுளுக்குப் பதில் உரைநடை. படிப்படியாகக் கடினமாகும் பாடங்கள். கடும் புணர்ச்சியைத் தளர்த்தி நிறுத்தக் குறிகளிட்ட அச்சு. வரியைப் பார்த்தவுடன் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரிகிறது. தெரிந்த சொற்களுக்கு நடுவே தெரியாத சொல் ஒன்று நிற்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படுகிறது. முன்னும் பின்னும் பார்க்கும் பழக்கம் சிறுவர்களுக்கு எட்டக்கூடிய ஒன்றாக ஆனது இந்த அச்சுப் பக்கத்தில்தான்.

அந்த வாய்ப்பை அடுத்து வந்த பாடநூல்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. செய்யுளுக்குக் கீழே அருஞ்சொற்பொருள் பட்டியல் வந்து அமர்ந்தது. இன்று ‘சொல்லும் பொருளும்’ என்ற தலைப்பில் அது தொடர்கிறது. பழைய வழிகள் ஒன்றாக உயிரோடு இருந்தது பதிப்பாசிரியர்களின் மேசையில்தான். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் விளங்காத சொற்களைப் பிற நூல்களில் அவை வரும் இடங்களோடு ஒப்பிட்டார். சமண வழக்குகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டுத் தெளிந்தார். சார்த்திப் பார்த்தல், சூழலை ஆராய்தல் என்று உரியியல் மாணவனுக்கு வகுத்த வழி, தெரிந்தவரிடம் பாடம் கேட்கும் மரபோடு சேர்ந்து பேரறிஞரின் ஆய்வு முறையாக ஆயிற்று. குழந்தைக்கு அது திரும்பி வரவில்லை.

சூழலைப் பார்த்தால் போதும், பொருள் தானே விளங்கிவிடும் என்று நான் வாதிடவில்லை. அமெரிக்காவில் நேகி, ஹெர்மன், ஆண்டர்சன் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, வாசிக்கும்போது சூழலிலிருந்து பிள்ளைகள் சொற்களைக் கற்கத்தான் செய்கிறார்கள் என்றும், ஒரு முறை பார்ப்பதால் கிடைக்கும் பயன் சிறிதே என்றும் காட்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பெக், மெக்கியூன், மெக்காஸ்லின் ஆகியோர் எல்லாச் சூழலும் ஒன்றல்ல என்று நிறுவியிருந்தார்கள். சில வரிகள் பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன. சில ஒன்றும் சொல்வதில்லை. சில தவறான பொருளுக்கே இட்டுச் செல்கின்றன. உணர்த்துபவர் வல்லவராக இருக்க வேண்டும் என்ற தொல்காப்பியரின் நிபந்தனை இங்கே பொருள்படுகிறது. எந்த வரி துணை செய்யும், எது செய்யாது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான் அந்த வல்லமை.

1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பொருளோடு எடுத்துக்காட்டுத் தொடர்களையும் தந்தது. அகராதிக் கலையே தொடரில் வைத்துக் காட்டும் முறைக்குத் திரும்பிவிட்டது. பள்ளிப் பாடநூலின் பக்க அமைப்பு மட்டும் மாறவில்லை. பாட்டின் கீழேயே பொருள் அச்சாகிவிடுவதால் பிள்ளை தேடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ‘பிரித்து எழுதுக’ பாடத்தின் கடைசியில் பயிற்சியாக வருகிறது. பொருள் முன்பே தெரிந்துவிட்ட சொல்லைத்தான் பிள்ளை பெரும்பாலும் பிரிக்கிறது. இந்த வரிசையை மாற்றலாம். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு மூன்று சொற்களுக்குப் பொருள் தராமல் விட்டு, அவற்றைப் பிரித்தோ பக்கத்துச் சொல்லை வைத்தோ பொருளைக் கண்டறியும்படி கேட்டு, பட்டியலை அடுத்த பக்கத்துக்குத் தள்ளலாம். வரியே துணை செய்யும் சொற்களாக அவற்றைத் தேர்ந்தெடுப்பது பாடநூல் குழுவின் பொறுப்பு.