பதிவேடும் கணினியும்

கணினிகளை வாங்கி வைத்த மாத்திரத்தில் வளர்முக நாடொன்றின் சுகாதாரச் சேவை புதிய முறைக்கு ஆயத்தமாகிவிடுமா? நேயர்களே, இவ்வினாவுக்கு இலங்கையின் வரலாறே விடை தருகின்றது.

1926ஆம் ஆண்டில் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. வைத்திய அதிகாரியின் கீழ் மருத்துவமாதரும் பரிசோதகரும் ஊருக்குள் சென்று பணியாற்றினர். பிறப்பையும் நோயையும் ஏட்டிற் பதிந்தனர். இம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. கணினி வருமுன்னரே கணக்கு வைக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

பழக்கம் மட்டும் போதாது. கருவியை ஆளத் தெரிந்தோரும் வேண்டும். 2010ஆம் ஆண்டளவில் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்கே தகவலியலைக் கற்பிக்கத் தொடங்கிற்று.

இதன் பயன் 2020இல் வெளிப்பட்டது. சனவரி 27இல் நாட்டின் முதற் கொவிட் நோயாளி கண்டறியப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் கணினி முறையொன்று சில நாட்களிலேயே உருவாயிற்று. அதற்கு அடிப்படை, நிறவொதுக்கல் நீங்கிய தென்னாபிரிக்காவில் முளைத்து, நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ‘டி.எச்.ஐ.எஸ். 2’ என்னும் இலவச மென்பொருளாகும். பிற நாடுகளும் இலங்கையின் முறையைப் பின்பற்றின.

ஆதலின், ஒரு வைத்தியசாலையின் ஆயத்தத்தை அளக்க விரும்புவோர் முதலிற் கேட்கவேண்டியவை மூன்று: பதிபவர் யார்? பிழை திருத்துபவர் யார்? அப்பதிவைக் கொண்டு நோயாளிக்கு நன்மை செய்பவர் யார்? கணினிகளின் தொகையை அதன்பின் எண்ணலாம்.